காலியாக ஒரு மணி நேரம்

அன்புள்ள ஐயா,

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பொதுத்துறை வங்கியின் கிளை மேலாளராக இருக்கிறேன். என்னையும் சேர்த்து ஐந்து பேர். காலை ஒன்பதரைக்கு உள்ளே நுழைந்தால் இரவு எட்டரைக்கு முன் வெளியே வருவதில்லை. வாடிக்கையாளர்கள், நகைக்கடன், மண்டல அலுவலகத்தின் வீடியோ கூட்டம், வாட்ஸ்அப் குழுவில் 'உடனே அனுப்பவும்' என்று வரும் படிவங்கள் என்று பகல் ஓடிவிடுகிறது. கடன் கோப்புகளை மாலை ஆறுக்கு மேல்தான் தொட முடிகிறது. நேர மேலாண்மைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு நாளையும் அரை மணித் துண்டுகளாகப் பிரித்து அட்டவணை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்; பதினோரு மணிக்குள் குலைந்துவிடுகிறது. எனக்குத்தான் ஒழுங்கு போதவில்லையோ?

க.

அன்புள்ள க.,

என் மனைவி வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பெட்டகச் சாவி யாரிடம் இருக்கிறது?" என்பதுதான். ஒழுங்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவிக்குப் பிறகு வருகிறேன்.

அரை மணித் துண்டுகளாக வெட்டிய அட்டவணை, சொல்லாமல் கொள்ளாமல் யாரும் வந்து நிற்காத அலுவலகத்துக்குப் பொருந்தும். உங்கள் கதவு திறந்திருக்கிறது. எந்த நிமிடமும் யாரும் வரலாம், வந்தவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் நாளை முழுக்க நிரப்பி எழுதினால் அது குலையத்தான் செய்யும். இது கணக்கு; உங்கள் குணம் அல்ல.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற டென்மார்க் கணிதவியலாளர் 1909ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முன்னறிவிப்பின்றி வரும் தொலைபேசி அழைப்புகளைப் பற்றியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் வரிசைக் கோட்பாடு. அதன் எளிய கணக்கு ஒன்றை உங்கள் மேசையில் வைத்துப் பார்க்கலாம். ஆட்கள் நினைத்தபோது வருகிறார்கள். ஒருவர் வேலை கூடக்குறைய சராசரியாக 10 நிமிடம் பிடிக்கிறது. கவனிக்க நீங்கள் ஒருவர்தான். உங்கள் நேரம் பாதி நிரம்பியிருந்தால் வருபவர் சராசரியாக 10 நிமிடம் காத்திருப்பார். 80 சதவீதம் நிரம்பினால் 40 நிமிடம். 90 சதவீதம் என்றால் ஒன்றரை மணி நேரம். 95 என்றால் மூன்று மணி நேரத்துக்கும் மேல். 80க்கும் 95க்கும் நடுவில் நீங்கள் கூடுதலாகச் செய்து முடிப்பது கொஞ்சம்தான். காத்திருப்போ கிட்டத்தட்ட ஐந்து மடங்காகிறது. உங்கள் மேசையில் காத்திருப்பவை கடன் கோப்புகள். அவை வாய் திறந்து கேட்காததால் மாலை ஆறு மணி வரை பொறுத்துக்கொள்கின்றன.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 32 அறுவை அரங்குகள் இருந்தன. எல்லாம் முன்பதிவாகி நிரம்பி வழிந்தன. அவசர நோயாளி வந்தால், குறித்து வைத்த அறுவைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போகும்; ஊழியர்கள் இரவு வரை நிற்பார்கள். ஓர் அரங்கை அவசரத்துக்கு மட்டும் என்று காலியாக விட்டார்கள். இருப்பதே போதவில்லை, இதில் ஒன்றை மூடுவதா என்று மருத்துவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். ஆனால் அதன் பிறகு அறுவைகளின் எண்ணிக்கை கூடியது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நடப்பவை குறைந்தன.

ஆகவே உங்கள் அட்டவணையில் ஒரு மணி நேரத்தைக் காலியாக விடுங்கள். பிற்பகல் இரண்டிலிருந்து மூன்று வரை என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் குலைந்தவை அங்கே போய் விழட்டும். ஒன்றும் விழாவிட்டால் ஒரு கடன் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காலி இடத்தைப் பார்த்தால் அதில் எதையாவது திணிக்கக் கை துறுதுறுக்கும். பயிற்சி கொடுத்தவர்கள் உங்களுக்கு அந்தப் பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இனி சாவி. நகைப் பெட்டகம் இருவர் பொறுப்பில் இருப்பது. இரண்டு சாவிகளில் ஒன்று காசாளரிடம் இருக்கும்; உங்கள் கிளை போன்ற சிறிய இடங்களில் மற்றொன்று மேலாளரின் இடுப்பில்தான் இருக்கும் என்கிறார் மனைவி. ஒருவர் தாலிக்கொடியை மீட்க வருகிறார். பணம் கட்டுகிறார். நீங்கள் கோப்பை மூடிவிட்டு எழுந்து போய், இருவருமாகப் பெட்டகத்தைத் திறந்து, கடன் எண்ணைப் பார்த்துப் பையைத் தேடி எடுத்து, எடையைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கி, பூட்டிவிட்டுத் திரும்புகிறீர்கள். கோப்பில் எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்பது மறந்திருக்கிறது. வில்லங்கச் சான்றிதழை மறுபடி முதலிலிருந்து படிக்கிறீர்கள். பாதிப் பக்கம் போவதற்குள் அடுத்தவர் ஒரு ஜோடி வளையலுக்கு ரசீதுடன் நிற்கிறார். நாளுக்குப் பத்து பேர் வந்தால் பத்து முறை எழுந்திருக்க வேண்டும்.

'நகை திருப்பித் தரும் நேரம்: பகல் 12, மாலை 3.30' என்று ஓர் அட்டையில் எழுதிக் கவுன்டரில் வையுங்கள். மனைவி தன் கடைசிக் கிளையில் செய்தது இது. முதல் வாரம் சிலர் சத்தம் போட்டார்களாம். முகூர்த்தத்துக்கு அவசரம் என்று வருபவருக்கும், தொலைவிலிருந்து பஸ் ஏறி வரும் முதியவருக்கும் விலக்கு கொடுத்திருக்கிறார். மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள். மேலிடத்து அனுமதி எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம்.

கடன் கோப்பை மாலையில் தொடாதீர்கள். பகல் முழுக்கப் பேசிக் களைத்த கண்ணுக்கு ஒரு தவறான சர்வே எண் தெரியாது. தணிக்கைக்கு வருபவர் கண்ணுக்குத் தெரியும். கதவு திறப்பதற்கு முன் கிடைக்கும் அரை மணி கோப்புக்கு. ஒரே ஒரு கோப்பு. வாட்ஸ்அப் படிவங்களை மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை மொத்தமாக நிரப்பி அனுப்பினால் போதும். 'உடனே' என்று எழுதுகிறவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் எழுதுகிறார்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு மிச்சம் இருக்கும். அது உங்கள் கையில் இல்லை. ஐந்து பேரால் ஏழு பேர் வேலையை எந்த அட்டவணையாலும் செய்ய முடியாது. நவம்பரில் ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழுக்கு வரிசையில் நிற்கும்போது இது இன்னும் நன்றாகத் தெரியும். எழுத்தருக்கு நேரம் கடந்தால் ஓவர்டைம் உண்டு, அதிகாரிக்குக் கிடையாது. ஆறு மணிக்கு மேல் நீங்கள் தரும் உழைப்பு வங்கிக்கு இலவசம் என்பதால் அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நீங்கள் எழுதுங்கள். ஒரு மாதம், ஆறுக்கு மேல் செய்த வேலை என்ன, எத்தனை நிமிடம் என்று மட்டும் ஒரு நோட்டில். புலம்பல் வேண்டாம், எண்கள் போதும். மண்டல அலுவலகத்துக்குக் கூடுதல் ஆள் கேட்டு எழுதும்போது அதை இணைத்து அனுப்புங்கள். உடனே ஆள் வருவார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'நிர்வகிக்கத் தெரியவில்லை' என்று சொல்வது அவர்களுக்குச் சற்றுக் கடினமாகும்.

உங்களுக்கு அடுத்த நிலையில் இருக்கும் அதிகாரியைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எந்தத் தொகை வரை அவரே கடனுக்கு ஒப்புதல் தரலாம், அவர் உண்மையில் தருகிறாரா, அல்லது அதையும் உங்கள் மேசைக்கே அனுப்புகிறாரா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். மனைவியும் கேட்கச் சொன்னார்.