ரிப்ளை 1988 முடிந்த பிறகு எதைத் தொடங்குவது?

வணக்கம் அக்கா,

'ரிப்ளை 1988' இருபது எபிசோடும் பார்த்து முடித்துவிட்டேன். கதை நடக்கிற அந்தச் சங்முன்-டொங் ஒழுங்கையை விட்டு வெளியே வர மனமில்லை. அதற்குப் பிறகு தொடங்கிய மூன்று கொரியத் தொடர்களையும் பாதியில் விட்டுவிட்டேன். பணக்காரப் பெடியன், ஏழைப் பெட்டை, நடுவில் ஒரு பிரிவு என்று எல்லாம் ஒரே மாதிரி. வேலை கொழும்புக் கோட்டையில் என்பதால் ரயிலில் போகவர ஃபோனில் பார்ப்பேன். இரவில் அம்மாவும் சேர்ந்து பார்க்க ஆசைப்படுகிறா. ஆனால் ஆங்கில சப்டைட்டில் அவவுக்கு ஓடி வாசிக்க ஏலாது. ரூபவாஹினியில் 'சுஜாதா தியணி' என்ற கொரியத் தொடர் போனபோது விடாமல் பார்த்தவ. அடுத்து எதைத் தொடங்கலாம்?

— ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் பாதியில் விட்ட மூன்றும் எவை என்று எழுதவில்லை. ஆனால் தேர்ந்தெடுத்த விதம் ஓரளவு விளங்குகிறது. போஸ்டரில் இருக்கும் முகத்தைப் பார்த்துத் தொடங்கியிருப்பீர்கள். கொரியத் தொடரைப் பொறுத்தவரை எழுதியவர் யார், இயக்கியவர் யார் என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி. ஒரு தொடரை பெரும்பாலும் ஒரே எழுத்தாளர்தான் தொடக்கம் முதல் கடைசி வரை எழுதுவார். அதனால் ஒருவருடைய குணம் அடுத்த தொடரிலும் அப்படியே வரும். நடிகர் அப்படியில்லை, ஒரு நல்ல கதைக்குப் பிறகு ஒரு சொதப்பலிலும் நடிப்பார்.

பத்தாவது எபிசோடைத் தாண்டியதும் பல தொடர்கள் தளர்வதற்கும் காரணம் உண்டு. வழக்கமான அளவு 16 எபிசோட், கிழமைக்கு இரண்டு, எட்டுக் கிழமை. நீண்ட காலமாக ஒளிபரப்பு நடக்க நடக்கவே படப்பிடிப்பும் நடந்தது. பின்பாதி வரும்போது எழுத்தாளருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அன்றைய காட்சிக்கான தாள் அன்றைக்கே கைக்கு வந்த தொடர்களும் உண்டு. அப்படியான நேரத்தில் கைகொடுப்பது பிரிவு, விபத்து, ஞாபகமறதி. 2016-க்குப் பிறகு முழுதாக எடுத்து முடித்துவிட்டு வெளியிடும் வழக்கம் கூடியது. உங்களைப் போல நடுவில் சலித்துப் போகிறவர்கள் அப்படியானவற்றைத் தேடுவது நல்லது.

முதலில் அம்மாவோடு பார்க்க ஒன்று: 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டான்ஜரின்ஸ்'. 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் நான்கு நான்காக வந்த 16 எபிசோட், நான்கு பருவகாலங்கள் மாதிரிப் பிரித்தது. எழுதியவர் லிம் சங்-சூன், இயக்கியவர் கிம் வொன்-சொக். ஜேஜு தீவில் கடலுக்குள் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்துப் பிழைக்கும் ஒரு தாய், அவளுடைய மகள், அந்த மகளின் மகள் என்று மூன்று தலைமுறைக் கதை. முதல் எபிசோடில் சின்ன மகள் பள்ளிக்கூடத்தில் ஒரு கவிதை எழுதுகிறாள். அம்மாவுக்கு எந்நேரமும் சிப்பிதான் யோசனை, அந்தச் சிப்பிக்கான காசை நானே கொடுத்து அம்மாவை ஒரு நாளைக்கு வாங்கி வீட்டில் இருத்துவேன் என்கிற மாதிரி. தாய் அதை வாசிக்கிற இடத்தைக் கவனியுங்கள். அழவைக்க வேண்டுமென்று இசையைக் கூட்டாமல், அந்தப் பிள்ளையின் கணக்கை மட்டும் நம்பி எழுதியிருக்கிறார் லிம். 'ரிப்ளை'யில் ஒரு வீட்டுக் கறி கிண்ணத்தில் போய், அடுத்த வீட்டிலிருந்து இன்னொரு கறி திரும்பி வந்து, கொண்டுபோகிற பிள்ளைகள் களைத்துப்போகும் காட்சி உங்களுக்குப் பிடித்திருந்தால், இதுவும் பிடிக்கும்.

சப்டைட்டில் பிரச்சினைக்கு வருகிறேன். தொடங்க முன்பு ஒலி மெனுவில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 வரை நெட்ஃபிளிக்ஸ் டிவியில் எல்லா மொழியையும் அந்த மெனுவில் காட்டவில்லை. உங்கள் இடத்துக்கும் புரொஃபைல் அமைப்புக்கும் பொருந்துகிற சிலவற்றைத்தான் காட்டியது. இப்போதும் தமிழ் தெரியாவிட்டால் புரொஃபைல் மொழிகளில் தமிழையும் சேர்த்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். தமிழ் ஒலியே இல்லாத தொடரென்றால், வசனம் நிதானமாக ஓடுவதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தையும் பெரிதாக்கலாம், கணக்கு அமைப்பில் சப்டைட்டில் தோற்றம் என்ற இடத்தில் அளவையும் கறுப்புப் பின்னணியையும் மாற்றினால் டிவியில் தூர இருந்தும் தெரியும். வேகத்தைக் குறைத்துப் பார்க்காதீர்கள். குரல் இழுபட்டு நடிப்பே கெட்டுவிடும், தேவையான இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது மேல்.

இந்தக் காரணத்தால்தான் 'ஹொஸ்பிட்டல் பிளேலிஸ்ட்'டை (2020, 2021, பருவத்துக்கு 12 எபிசோட்) அம்மாவோடு வேண்டாம் என்கிறேன். 'ரிப்ளை'யின் அதே கூட்டணி, எழுத்து லீ வூ-ஜங், இயக்கம் ஷின் வொன்-ஹோ. சிநேகிதம், சாப்பாட்டு மேசை, பழைய பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் ஐந்து வைத்தியர்கள் ஒரே நேரத்தில் பேசுவார்கள், நடுவில் மருத்துவச் சொற்கள் வேறு. அதை நீங்கள் தனியே பாருங்கள். அம்மா மனப்பாடமாகப் பார்த்த 'சுஜாதா தியணி'யை, அதாவது 2003-இல் தொடங்கிய 54 எபிசோட் 'தே ஜங் கும்'மை, திரும்பப் போட்டாலும் தப்பில்லை. கதை தெரிந்தவவுக்கு வாசிக்கும் பாரம் இல்லை. அரண்மனைச் சமையலறையிலிருந்து வைத்தியம் படிக்கும் பகுதிக்குக் கதை மாறுமிடத்தில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இனி ரயிலுக்கு. 'மை மிஸ்டர்', 2018, 16 எபிசோட், எழுத்து பார்க் ஹே-யங், இயக்கம் மேலே சொன்ன அதே கிம் வொன்-சொக். இதைத்தான் அடுத்து நீங்கள் தனியாகப் பார்க்க வேண்டுமென்று மனதார விரும்புகிறேன். கட்டடங்களின் உறுதியைப் பரிசோதிக்கும் நடுவயதுப் பொறியியலாளர் ஒருவர். அதே கம்பனியில் தற்காலிக வேலைக்கு வந்த, கடனில் மூழ்கிய இருபத்தொரு வயதுப் பெண். வேறொருவருக்குப் போகவேண்டிய ஐந்து கோடி வொன் லஞ்சம் இவர் மேசைக்கு வந்துவிடுகிறது, அதிலிருந்து எல்லாம் தொடங்குகிறது. அந்தப் பெண் ஒஃபிசில் எடுத்துவந்த கோப்பிப் பைக்கற்றுகள் இரண்டை ஒன்றாகக் கரைத்துக் குடிப்பது அவளுடைய இராச்சாப்பாடு. வறுமையைப் பற்றி வசனமே இல்லை, அந்த இரண்டு பைக்கற்றோடு சரி. போஸ்டரைப் பார்த்து இது வயது வித்தியாசக் காதல் என்று நினைத்துத் தவிர்க்கிறவர்கள் பலர். அதுவல்ல. ஆனால் முதல் எபிசோடுகளில் கடன்காரன் அவளை அடிக்கிற காட்சி கடுமையானது. இருட்டும் கூட. நான்கு எபிசோட் வரை பொறுங்கள், அதற்குள் பிடிபடாவிட்டால் விட்டுவிடலாம்.

ரயிலில் பார்க்க டேட்டாவைக் கணக்குப் பார்த்து வையுங்கள். நெட்ஃபிளிக்ஸ் நடுத்தரத் தரத்தில் மணிக்கு ஏறத்தாழ 0.7 ஜிபி எடுக்கும், எச்டியில் 3 ஜிபி வரை போகும். 'மை மிஸ்டர்' இருபது மணித்தியாலத்துக்குக் குறையாது. ஆக நடுத்தரத்தில் 14 ஜிபிக்கு மேல், எச்டியில் 60 வரை. ஃபோன் திரைக்கு நடுத்தரம் தாராளமாகக் காணும். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் வைஃபையில் தரவிறக்கி வையுங்கள். சில தொடர்கள் பிளே அழுத்தி 48 மணித்தியாலத்தில் காலாவதியாகும், ஒரே நாளில் பத்தைத் திறந்து வைக்காதீர்கள். அடுத்த எபிசோடுக்குத் தானாகத் தாவுவதையும் நிறுத்திவிடுங்கள். முடிவுப் பாட்டுக்குப் பிறகு சின்னக் காட்சி வைக்கிற தொடர்கள் உண்டு, தாவினால் அது போய்விடும்.

எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். கிழமைக்கு இரண்டு போகிற தொடரில் இரண்டாவதன் முடிவுதான் ஆளைப் பிடித்திழுக்கும், அடுத்த கிழமை வரைக்கும் பார்ப்பவரைத் தக்கவைக்க வேண்டுமே. எபிசோட் முடிகிற இடத்தில் நிறுத்தாமல், அடுத்ததில் பத்துப் பதினைந்து நிமிடம் போய், முடிச்சு அவிழ்ந்த இடத்தில் நிறுத்துங்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

அதற்குப் பிறகு 'மிசேங்' (2014, 20 எபிசோட்). பாடூக் என்ற பலகை விளையாட்டில் தொழில்முறை ஆட்டக்காரராக முடியாமல் போன பெடியன் ஒருவன் வர்த்தகக் கம்பனியொன்றில் பயிலுநராகச் சேருகிறான். காதல் இல்லை. உங்களைப் போல ஒஃபிசுக்குப் போய்வருகிறவர்களுக்கு ஒவ்வொரு காட்சியும் தெரிந்த மாதிரி இருக்கும். இதுவும் கிம் வொன்-சொக்தான். 'ரிப்ளை 1994'ஐ மட்டும் உடனே தொடங்க வேண்டாம். ஊர்களிலிருந்து தலைநகர் சோலுக்குப் படிக்க வந்த பிள்ளைகளின் போர்டிங் வீட்டுக் கதை, வெள்ளவத்தையில் இருக்கிறவர்களுக்கு நெருக்கமானதுதான். ஆனால் நாயகியின் மாப்பிள்ளை யார் என்ற புதிர் அதில் 1988-ஐ விடப் பெரிதாகி விடுகிறது, ஆளாளுக்கு மாறும் ஊர்ப் பேச்சும் சப்டைட்டிலில் அடிபட்டுப் போகும். இரண்டு தொடர் இடைவெளி விட்டுப் பாருங்கள்.