வக்கீலிடம் கேளுங்கள்: பட்டறைக்குள் வந்தவர்கள்

கேள்வி: எங்களுடையது வெள்ளிக் கொலுசுப் பட்டறை. போன மாதம் ஜிஎஸ்டி சோதனை என்று நான்கு பேர் வந்து, கணக்கு நோட்டு, பில் புத்தகம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். ஒரு தாளும் காட்டவில்லை. "கவர்மென்ட்டையே கேள்வி கேட்பியா?" என்கிறார் அப்பா. கேட்கலாம் என்று முதலில் சொன்னது யார் ஐயா?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: ஜீப் சத்தம் கேட்டாலே எழுந்து நின்ற தலைமுறை, அப்பாவைக் கோபிக்காதீர்கள்.

எல்லோரும் 1215-ல் இங்கிலாந்து அரசர் ஒப்புக்கொண்ட மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தைச் சொல்வார்கள். சட்டப்படி அல்லாமல் எவரையும் சிறைபிடிக்கக் கூடாது, உடைமையைப் பறிக்கக் கூடாது என்கிறது அதன் 39-ம் பிரிவு. ஆனால் அது சுதந்திர மனிதருக்கு மட்டும். பண்ணையடிமைகள் கணக்கிலேயே இல்லை. எனக்குப் பிடித்தது உங்கள் கதை மாதிரியே நடந்த ஒன்று.

1762, லண்டன். அரசைத் தாக்கி எழுதினார் என்று ஜான் என்டிக் வீட்டுக்குள் அரசரின் ஆட்கள் நுழைந்தார்கள். நாலு மணி நேரம் பெட்டி பெட்டியாகப் பூட்டை உடைத்துக் காகிதங்களை அள்ளிப்போனார்கள். கையில் மந்திரி கையெழுத்திட்ட வாரண்ட் வேறு! மனிதர் விடவில்லை, வழக்குப் போட்டார். 1765-ல் நீதிபதி கேம்டன் கேட்டது இதுதான்: இந்த அதிகாரம் எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது? புத்தகத்தில் இல்லையென்றால் அது சட்டமே இல்லை. உடைமையைக் காத்துக்கொள்ளத்தான் மனிதர்கள் சமுதாயமாகக் கூடினார்கள் என்றும் சொன்னார். அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே தத்துவஞானி ஜான் லாக் எழுதிவைத்த கருத்து அது.

அவ்வளவு தூரம் ஏன், நம்ம சேலத்துக்கு வாருங்கள். 1882 கலவர வழக்கில் வக்கீல் விஜயராகவாச்சாரியாருக்குப் பத்து வருஷத் தண்டனை. ஹைகோர்ட் விடுதலை செய்தது. அதற்குள் நகரசபைப் பதவியைப் பறித்துவிட்டார்கள். அவரும் சும்மா விடவில்லை, லண்டனிலிருந்து இந்திய ஆட்சியைக் கவனித்த பிரிட்டிஷ் மந்திரி (இந்தியா மந்திரி) மீதே வழக்குப் போட்டுப் பதவியையும் நூறு ரூபாய் நஷ்டஈட்டையும் வாங்கினார். அந்த நூறு ரூபாயை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

சரி, உங்கள் விஷயம். ஜிஎஸ்டி சட்டம் 67-ம் பிரிவுப்படி, இணை ஆணையர் அல்லது அவருக்கு மேற்பட்ட அதிகாரி எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும். அந்தப் படிவத்தின் பெயர் ஐஎன்எஸ்-01. அதைக் காட்டும்படி எழுதிக் கேளுங்கள். எடுத்துப்போன கணக்குகளுக்கு நகல் எடுத்துக்கொள்ளவும் அதே பிரிவு இடம் தருகிறது. மனுவை நேரில் கொடுங்கள், உங்கள் பிரதியில் ரப்பர் ஸ்டாம்பும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.