படகு இழுக்கணும், ஊர் சுற்றணும்: சுங்கை சிப்புட் பட்டறைக் கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் தோட்டத்து பிக்கப்புகள்தான் வரும். டோவிங், சஸ்பென்ஷன், தூரப் பயணத்துக்கான வேலைகள் பற்றிக் கேளுங்கள். விலை கேட்காதீர்கள். டோ பந்தில் (டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டை) கயிறு மாட்டி வண்டி இழுப்பவர்கள் முதலில் அதை நிறுத்திவிட்டு வாருங்கள்.

லிந்தாங் தம்பி: ஹைலக்ஸ் பிக்கப், 2.8 இன்ஜின், ஆட்டோ கியர். படகும் டிரெய்லரும் சேர்த்து 1,100 கிலோ என்கிறார்கள். தெமங்கோர் ஏரிக்கு இழுத்துப் போகணும். முதலில் எதை மாற்றுவது அண்ணே?

ஒன்றையும் மாற்றாதீர்கள், எடை போடுங்கள். "என்கிறார்கள்" என்பது படகு விற்றவர் கணக்கு. அதில் எண்ணெய், ஐஸ் பெட்டி, நங்கூரம் எதுவும் இருக்காது. நம் பக்கம் செம்பனை ஆலைகளில் பழக்குலை லோரி ஏறும் எடைப்பாலம் இருக்கிறது. லோரி வராத நேரமாகப் பார்த்து கிராணியிடம் தன்மையாகக் கேளுங்கள்.

மூன்று தடவை போட வேண்டும். முதலில் ஆளும் சாமானும் ஏறிய பிக்கப் மட்டும். அடுத்து டிரெய்லரை மாட்டிக்கொண்டு, பிக்கப்பின் நான்கு சக்கரம் மட்டும் பாலத்தில் நிற்கும்படி. கடைசியாக எல்லாம் சேர்த்து. இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் பந்தில் விழும் எடை. மூன்றாவதில் முதலாவதைக் கழித்தால் டிரெய்லரின் முழு எடை. பந்தில் விழுவது டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கட்டும், உங்களுக்கு 110 கிலோ. ரொம்பக் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். கூடினால் பின்பக்கம் உட்கார்ந்து முன்சக்கரம் லேசாகிவிடும். படகை டிரெய்லர் மேல் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினாலே சரிக்கட்டலாம், காசு செலவில்லை.

இன்னொன்று. பந்தில் 110 கிலோ விழுந்தால் பின் அச்சில் 110 மட்டும் ஏறாது. பந்து அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, சக்கர இடைவெளி 3.085 மீட்டர் என்று வையுங்கள். பின் அச்சில் ஏறக்குறைய 153 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 43 கிலோ போய்விடும். முன்சக்கரம்தான் வளைவில் திருப்புகிறது, பிரேக்கில் அதிக வேலை செய்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இனி மாற்ற வேண்டியது. இந்த வகை பிக்கப்புகளுக்கு பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோவோடு நிற்க வேண்டும். உங்கள் டிரெய்லருக்கு பிரேக் இல்லையென்றால் முதல் செலவு அதுதான். அடுத்தது கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு ஒரு கூலர். கிரிக் தாண்டி, ஏரி இருக்கும் பண்டிங் வரை ஏற்றத்தில் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கொடுப்பது) லாக் ஆகாமல் வழுக்கிக்கொண்டே இருந்தால் எண்ணெய் வெந்துவிடும். டி-யில் விட்டுவிட்டு உட்காராமல் ஒரு கியர் குறைத்துப் பிடியுங்கள்.

கம்பார் வாசகர்: சஸ்பென்ஷனை 4 அங்குலம் தூக்கி, 33 அங்குல டயர் போட்டு, கேமரன் மலைக்கு கேரவன் இழுக்கலாமா?

தூக்கலாம், போடலாம், இழுக்கலாம். மூன்றையும் ஒரே வண்டியில் செய்யாதீர்கள். 265/65R17 டயரின் விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர், நீங்கள் 33 என்று சொல்லும் 285/70R17 சுமார் 831. 7 சதவீதம் பெரிசு. இன்ஜின் அதே இன்ஜின்தான், ஆனால் சக்கரம் தரையில் தள்ளும் விசை 7 சதவீதம் குறையும், தாப்பா ரோட்டு ஏற்றத்தில் உடனே தெரியும். மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடும். இவ்வளவுக்கும் டிஃப் (அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) தரையிலிருந்து உயர்வது 27 மில்லிமீட்டர். 4 அங்குலம் தூக்கினால் முன் டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்து அதன் ரப்பர் உறை கிழியும், பந்து மாட்டியிருக்கும் டோபார் உயர்ந்து டிரெய்லர் மூக்கைத் தூக்கி நிற்கும். 2 அங்குலமும் 265/70R17 ஆல் டெரெய்ன் டயரும் நம் தோட்டத்துச் செம்மண்ணுக்குப் போதும்.

பெயர் சொல்லாதவர்: எந்த பிக்கப் நல்லது?

பக்கத்து ஊரிலேயே உதிரிச் சாமான் கிடைப்பது.

ஆசிரியை ஒருவர்: குடும்பத்தோடு கடற்கரையில் கூடாரம் போடுவோம். காரிலேயே ஐஸ்பெட்டி ஓட பேட்டரி எவ்வளவு வேண்டும்?

40 லிட்டர் அளவு 12 வோல்ட் ஐஸ்பெட்டி ஓடும்போது 3, 4 ஆம்ப் இழுக்கும். நம் வெயிலில் பாதி நேரம் ஓடும் என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 40 ஆம்ப்-மணி போகும். 100 ஆம்ப்-மணி ஏஜிஎம் (ஈய வகை) பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் ஒரு நாள் தாங்கும். லித்தியம் என்றால் இரண்டு நாள், ஆனால் அதை இன்ஜின் பக்கம் வைக்கவே கூடாது டீச்சர், சூடு அதற்கு ஒத்துக்கொள்ளாது. புது வண்டிகளில் ஆல்டர்னேட்டர் அடிக்கடி சார்ஜைக் குறைத்துவிடும், இடையில் வோல்ட்டைச் சரியாக்கிக் கொடுக்கும் ஒரு டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும்.

பீடோர் அண்ணன்: பின்பக்கம் உட்காருகிறது. வில்பட்டையோடு சேர்த்து வைக்கும் காற்றுப் பை, அதுதான் ஏர்பேக், போட்டால் நிமிர்ந்துவிடும் என்கிறார்கள். போடவா?

நிமிரும். ஆனால் போடச் சொல்லமாட்டேன். வில்பட்டை சுமையை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் இரண்டு இடத்தில் கொடுக்கிறது, முன் பிடியிலும் பின் பிடியான ஷேக்கலிலும். ஏர்பேக் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே இடத்தில் முட்டுக் கொடுக்கிறது. பின்னால் டிரெய்லர் தொங்க, நடுவில் முட்டு நிற்க, வண்டி ஒரு குழியில் விழுந்தால் சேசிஸ் கேபினுக்குப் பின்னால் மடங்கும். ஆஸ்திரேலியாவில் டபுள் கேப் பிக்கப்புகள் இப்படி மடங்கியதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள்.

பீடோர் அண்ணன்: பாதிப் பேர் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே?

நெடுஞ்சாலையில் ஓட்டுகிறார்கள். நீங்கள் தோட்டத்து ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள்.

ஈப்போ லோரிக்காரர்: பெரிய லோரி, பஸ் எல்லாமே ஏர்பேக்கில்தான் ஓடுகின்றன. எத்தனை டன்! உங்கள் பேச்சு சரியில்லை.

ஐயா, அந்த வண்டியை வரையும்போதே பை எங்கே உட்காரும் என்று முடிவு செய்து சேசிஸைக் கட்டியிருக்கிறார்கள். நாம் பேசுவது வில்பட்டைக்காகக் கட்டிய சேசிஸில் அப்புறமாகச் செருகும் பை.

ஈப்போ லோரிக்காரர்: அப்படியானால் தடித்த பட்டை போட்டாலும் சேசிஸ் மடங்கத்தானே செய்யும்? சுமை அதே சுமைதானே?

நல்ல கேள்வி, இதைத்தான் எதிர்பார்த்தேன். அளவுக்கு மேல் ஏற்றினால் பட்டையிலும் மடங்கும். எதைப் போட்டாலும் கதவோரத் தகட்டில் எழுதிய எடை கூடாது. அந்த எடைக்குள் இருக்கும்போது, வளைக்கும் விசை பட்டையில் பரவுகிறது, பையில் ஒரே இடத்தில் குவிகிறது. நான் சொல்வது அவ்வளவுதான். எப்போதும் சுமை ஏற்றுபவர் கனமான பட்டைத் தொகுதி போடட்டும். மாதத்துக்கு ஒரு தடவை இழுப்பவர் குறைந்த காற்றில் பை வைத்துக்கொள்ளட்டும், எடை வரம்புக்குள் இருந்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். பையில் காற்றைக் கூட்டிக் கூட்டி, வண்டி நிமிர்ந்துவிட்டது, சுமை சரி என்று நம்புவதுதான் ஆபத்து.

தாப்பா தம்பி: ஏர்பேக் சண்டையில் என் கேள்வி போய்விட்டது. ஸ்னோர்கல் போட்டால் ஆற்றில் இறங்கலாமா?

மன்னிக்கவும் தம்பி. ஸ்னோர்கல் என்பது காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய். இன்ஜினுக்குள் தண்ணீர் போகாமல் காக்கும், வண்டியை மிதக்காமல் காக்காது. அதைவிட மலிவான வேலை, டிஃப் மூச்சுக் குழாயை நீட்டி மேலே கொண்டுவருவது. ஓடிச் சூடான டிஃப் சட்டென்று ஆற்றில் குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் தேத்தாரிக் நிறத்துக்கு வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

கோலகங்சார் வாசகர்: 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் இருக்கிறதே, அப்புறம் ஏன் எடை எடை என்கிறீர்கள்?

விளம்பரத்தில் ஓட்டுநர் மட்டும் இருப்பார். 1,000 கிலோ ஏற்றலாம் என்று எழுதியிருக்கும் வண்டியை எடுங்கள். ஐந்து பேர் 375, பின்பக்க மூடு கூடு 70, இரும்பு பம்பரும் வின்ச்சும் 100, பின் அலமாரியும் ஐஸ்பெட்டியும் 90, தண்ணீர் 60, பந்தில் 150. மொத்தம் 845, துணிமணி இன்னும் ஏறவில்லை. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்தத்துக்கும் தனி வரம்பு உண்டு, கையேட்டில் இருக்கும்.

மீண்டும் பெயர் சொல்லாதவர்: ஹைலக்ஸா டிமேக்ஸா?

மேலே பதில் சொல்லிவிட்டேன்.

பாரிட் புந்தார் வாசகர்: தூக்கியதை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பிடிக்குமா?

ஜேபிஜேயிடமும் இன்சூரன்ஸ்காரரிடமும், போடுவதற்கு முன்பே கேளுங்கள்.

கம்போங் காயா தம்பி: சேற்றில் மாட்டினால் டோ பந்தில் கயிறு போட்டு இழுக்கிறோம், எல்லாரும் செய்வதுதானே?

முதல் பத்தியைப் படிக்கவில்லை. பந்து டிரெய்லருக்காகச் செய்தது. இழுவிசைக் கயிறு திடீரென்று விறைக்கும்போது பந்து ஒடிந்து குண்டாகப் பறக்கும். பந்தைக் கழற்றிவிட்டு, அது செருகியிருந்த டோபார் பெட்டிக்குள் கயிறு மாட்டும் ஷேக்கல் வளையம் பொருத்தும் கட்டையை வையுங்கள். இழுக்கும்போது பக்கத்தில் வேடிக்கை பார்க்க ஆள் நிற்க வேண்டாம்.

லிந்தாங் தம்பி: கடைசியாக ஒன்று. இறக்கத்தில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தால்?

எண்ணெய் மிதியிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், டிரெய்லர் பிரேக்குக்குத் தனிக் கட்டுப்பாடு இருந்தால் அதை மட்டும் லேசாகப் பிடியுங்கள். வேகம் கூட்டி நேராக்கப் பார்க்காதீர்கள். ஏரிக்கரை வந்ததும் உடனே படகை இறக்காமல் சக்கர மையம் ஆறும்வரை காத்திருங்கள். டிஃப் மாதிரியே சூடான பேரிங்கும் தண்ணீரை உறிஞ்சும். வீடு திரும்பியபின் கிரீஸ் வெளுத்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிசு போடுங்கள், சீலையும் சேர்த்து மாற்றுங்கள்.