பதவியில் இருந்த அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் கடனுக்காகச் சிறைக்குப் போனாராமே, உண்மையா?

உண்மைதான். அதுவும் இரண்டு முறை. அவர் பெயர் ஜேம்ஸ் வில்சன்.

சாதாரண ஆள் இல்லை. சுதந்திரப் பிரகடனம், அரசியலமைப்புச் சட்டம் இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர்கள் ஆறே பேர், அவர்களில் ஒருவர். 1742-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, பென்சில்வேனியாவுக்கு வந்து வழக்கறிஞர் ஜான் டிக்கின்சனிடம் சட்டம் பயின்றார். அரசியலமைப்பை எழுதிய 1787 மாநாட்டில், ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாதாடினார். மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்ற கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணும் யோசனையை அங்கே முன்மொழிந்தவரும் இவரே. இவரைப் புகழ்கிறவர்கள் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதை மெல்ல நழுவவிடுவார்கள்.

1789-ல் ஜனாதிபதி வாஷிங்டன் இவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். சம்பளம் ஆண்டுக்கு 3,500 டாலர். ஆனால் வில்சனின் கண் எல்லாம் நிலத்தின் மேல்தான்.

அந்தக் கால நில வியாபாரம் இப்படி: கொஞ்சம் முன்பணம் கட்டி ஆயிரக்கணக்கான ஏக்கரை வளைத்துப் போடுவது, மீதிக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுப்பது, ஐரோப்பாவிலிருந்து குடியேறிகளும் முதலீடும் வந்ததும் விற்று அடைப்பது. விற்கும்வரை நிலத்திலிருந்து ஒரு காசு வராது. தவணையும் வரியும் மட்டும் தவறாமல் வரும். அதை அடைக்க இன்னொரு புரோநோட்டு. 1795-ல் ஜார்ஜியா மாநிலம் சுமார் 3.5 கோடி ஏக்கரை வெறும் 5 லட்சம் டாலருக்கு நான்கு கம்பெனிகளுக்கு விற்றதே, அதிலும் இவருக்குப் பங்கு இருந்தது. லஞ்சம் அம்பலமாகி, அடுத்த ஆண்டே புதிய சட்டமன்றம் அந்த விற்பனையை ரத்து செய்தது. அதற்குள் ஐரோப்பியப் போரால் பணப்புழக்கம் வற்றிவிட்டது. 1796, 1797-ல் புரோநோட்டுகளை வாங்க ஆள் இல்லை.

நீதிபதியை எப்படிக் கைது செய்ய முடிந்தது? கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டால், பணம் கட்டும்வரையோ ஜாமீன் கிடைக்கும்வரையோ கடனாளியை உள்ளே வைக்கலாம். மஞ்சள் கடிதாசி கொடுத்துத் தப்பிக்கவும் வழியில்லை, நாடு முழுவதற்குமான திவால் சட்டமே 1800-ல்தான் வந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுக்குக் கூட்டத்தொடரின்போது இத்தகைய கைதிலிருந்து அரசியலமைப்பு விலக்கு தருகிறது. நீதிபதிகளுக்குத் தரவில்லை. அந்த வரைவை எழுதிய ஐவர் குழுவில் வில்சனும் இருந்தார்!

1797-ல் நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் முதல் சிறை. மகன் முயன்று வெளியே எடுத்தார். அப்போது பிலடெல்பியாவில்தான் உச்ச நீதிமன்றம். அங்கே தலை காட்டினால் மறுபடி பிடிப்பார்கள் என்று தெற்கே வட கரோலினாவின் ஈடன்டனுக்குப் போனார். அங்கும் விடவில்லை. இம்முறை உள்ளே தள்ளியவர் பியர்ஸ் பட்லர், அரசியலமைப்பில் இவரோடு சேர்ந்து கையெழுத்திட்டவர். பாக்கி 1,97,000 டாலர், அதாவது வில்சனின் 56 ஆண்டுச் சம்பளம்.

இதில் எனக்கு மறக்க முடியாதது 1793-ன் சிஷோம் எதிர் ஜார்ஜியா வழக்கு. சுதந்திரப் போர்க்காலத்தில் சரக்கு வாங்கிவிட்டு ஜார்ஜியா பணம் தரவில்லை என்பது புகார். நேர்மையற்ற வியாபாரி கடனைக் கட்ட மறுத்தால் கோர்ட்டுக்கு இழுக்கலாம், மாநிலத்தை மட்டும் ஏன் இழுக்கக்கூடாது என்று தீர்ப்பில் கேட்டவர் வில்சன். மாநிலத்தையும் இழுக்கலாம் என்ற அந்தத் தீர்ப்பை முறியடிக்கவே அரசியலமைப்பின் 11-வது திருத்தம் வந்தது. ஐந்து நீதிபதிகளில் மாறுபட்டவர் ஜேம்ஸ் ஐர்டெல் ஒருவர்தான். அவருடைய ஊர் ஈடன்டன்.

வில்சன் ராஜினாமா செய்தார் என்று சிலர் எழுதுகிறார்கள், தவறு. சிறையிலிருந்து வந்தபின் மலேரியா, பிறகு பக்கவாதம். 1798 ஆகஸ்ட் 21 அன்று, நீதிபதியாகவே ஈடன்டனில் இறந்தார். அங்கேயே புதைத்தார்கள். 1906-ல்தான் எச்சங்களைத் தோண்டி எடுத்துப் பிலடெல்பியாவின் கிறைஸ்ட் சர்ச்சுக்குக் கொண்டுபோனார்கள். காலியான நாற்காலிக்கு வந்தவர் புஷ்ராட் வாஷிங்டன், வில்சனிடமே சட்டம் படித்த மாணவர்.