பயிற்சி ஆசிரியரும் அயல்நாட்டு வீடும்

வணக்கம் அக்கா,

ஆசிரியர் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். இங்கே பள்ளியில் செய்யவேண்டிய கற்பித்தல் பயிற்சி முடிந்துவிட்டது. அடுத்து எட்டு வாரம் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் வகுப்பெடுக்கப் போகிறேன். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்க ஏற்பாடு செய்து தருகிறார்கள். வேண்டுமென்றால் தனி அறை எடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு.

எனக்குத் தனி அறைதான் சரி என்று படுகிறது. பகல் முழுக்க வகுப்பில் நின்றுவிட்டு வந்து, பாடக் குறிப்பு எழுதவேண்டிய நேரத்தில் முன்பின் தெரியாதவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்க முடியுமா? முன்பு போய்வந்த சீனியர் ஒருவர், அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதிலேயே தன் மாலைகள் போய்விட்டன என்றார். இன்னொருவர், அந்த வீட்டில் இருந்ததால்தான் தனக்கு அந்த ஊர் மொழி வந்தது என்கிறார். அம்மாவுக்கு வேறு பயம். யார் வீடோ, எப்படிப்பட்டவர்களோ என்று. குடும்பத்தோடு தங்குவதால் ஒரு ஆசிரியராக எனக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்குமா? இல்லை, செலவு குறையும் என்பதற்காகச் சொல்கிறார்களா?

க.

அன்புள்ள க.,

குடும்பத்தோடு தங்குங்கள். ஆனால் உங்கள் சீனியரின் அனுபவத்தையும் அம்மாவின் பயத்தையும் ஒதுக்கிவிட்டு இதைச் சொல்லவில்லை. இரண்டுமே நியாயமானவை, இரண்டுக்கும் கிளம்புவதற்கு முன்பே செய்யவேண்டியவை இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செலவு குறைவது உண்மைதான். ஆனால் இந்த ஏற்பாடு அதற்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவில் டொனால்ட் வாட் என்பவர் 1932ல் 'எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இன்னொரு நாட்டைச் சுற்றிப் பார்ப்பதைவிட அங்கே ஒரு வீட்டில் வாழ்வதுதான் அதைப் புரிந்துகொள்ளும் வழி என்ற எண்ணம் அந்த அமைப்பின் வழியாகத்தான் பரவியது. முப்பதுகளில் அதன் மூலம் ஐரோப்பா போன இளைஞர்களில் ஒருவர் சார்ஜென்ட் ஷ்ரைவர். வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்ப 1961ல் தொடங்கிய அமெரிக்க அமைதிப் படைக்கு (பீஸ் கோர்) முதல் இயக்குநர் ஆனவர் அவரே. அமைதிப் படையிலும் தொண்டர்கள் பயிற்சி மாதங்களில் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்குவது வழக்கமாகிவிட்டது. ஆசிரியர் கல்வியில் இதை நீண்டகாலமாகச் செய்துவருவது இண்டியானா பல்கலைக்கழகம். 1970களிலிருந்து தன் பயிற்சி ஆசிரியர்களை வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. முதலில் சொந்த மாநிலத்தில் கற்பித்துவிட்டு, பிறகு சில வாரங்கள் வெளியே. உங்களுக்குச் சொல்லப்பட்டதும் கிட்டத்தட்ட இதே வடிவம்தான். அந்தத் திட்டத்தை நடத்திய ஜேம்ஸ் மஹானும் லாரா ஸ்டாகோவ்ஸ்கியும் மாணவர்கள் எழுதிய அறிக்கைகளைப் படித்து ஆராய்ந்தார்கள். அந்த மாணவர்கள் முக்கியமாகக் கற்றதாகச் சொன்னதில் கணிசமான பகுதி பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. வெளியே பழகிய மனிதர்களிடமிருந்து வந்திருந்தது.

ஒரு ஆசிரியருக்கு இது ஏன் வேண்டும்? டான் லோர்ட்டி என்ற சமூகவியலாளர் 1975ல் சொன்ன ஒன்றை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். வக்கீலாகப் போகிறவர் சின்ன வயதிலிருந்து வக்கீலைப் பார்த்து வளர்வதில்லை. ஆசிரியராகப் போகிறவர் மட்டும் பத்துப் பன்னிரண்டு வருடம் மாணவராக உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அதனால் பயிற்சிக் கல்லூரிக்குள் நுழையும்போதே வகுப்பு என்றால் இப்படித்தான் என்று ஒரு படம் உள்ளே உறைந்திருக்கிறது. தேவைப்படும் நேரத்தில், முக்கியமாக வகுப்பு கைமீறும் நேரத்தில், நாம் படித்த கல்வியியல் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள அந்தப் பழைய படம்தான் வெளியே வருகிறது. வேறு நாட்டில் வகுப்பெடுத்தால் அந்தப் படத்தில் விரிசல் விழும் என்பார்கள். கொஞ்சம் விழும்தான். ஆனால் பள்ளி எங்கே இருந்தாலும் பள்ளிதான். மணி அடிக்கிறது, வரிசையாக உட்காருகிறார்கள், முன்னால் நிற்பவர் நீங்கள். உங்கள் அதிகாரம் அங்கே அப்படியே இருக்கிறது.

வீட்டில் அது இருக்காது. எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாது. எப்போது எழுந்து உதவுவது, எப்போது உதவப் போனால் தொந்தரவு என்று தெரியாது. ஐந்து வயதுக் குழந்தை உங்களைத் திருத்தும். மூன்று முறை கேட்டதை நாலாவது முறை கேட்கக் கூச்சமாக இருக்கும், அதனால் புரிந்ததுபோல் தலையாட்டிவிடுவீர்கள். உங்கள் வகுப்பில் பின் வரிசையில் ஒரு பிள்ளை செய்வது இதையேதான். புரியவில்லை என்று சொல்ல ஏன் அவ்வளவு கஷ்டம், ஒருவர் பொறுமையாக இன்னொரு முறை சொல்லும்போது எவ்வளவு ஆறுதல், அதே ஆள் கொஞ்சம் சலித்துக்கொண்டால் வாய் எப்படி அடைத்துப்போகிறது என்பதெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் உங்களுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு நாளும் காலையில் கற்பிப்பவராகவும் மாலையில் தெரியாதவராகவும் மாறி மாறி இருப்பது உங்கள் வேலைக்கே பெரிய பாடம். தனி அறை எடுத்தால் இழக்கப்போவது இதைத்தான். என் பதிலில் இது ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டாலும் எனக்குத் திருப்தி.

இன்னொன்றும் இருக்கிறது. பள்ளி விட்டபின் குழந்தைகள் என்ன ஆகிறார்கள் என்று ஆசிரியர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. வீட்டுப்பாடம் எத்தனை மணிக்கு, யார் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு சண்டைக்குப் பிறகு முடிகிறது? ஆசிரியர் அனுப்பிய குறிப்பைப் பெற்றோர் எந்த முகத்தோடு படிக்கிறார்கள்? பள்ளியைப் பற்றி வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? லூயிஸ் மோல் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் டூசான் நகரத்தில் செய்த வேலையைப் பற்றி 1992ல் எழுதினார்கள். மெக்சிகோ வழி வந்த உழைக்கும் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்களை அனுப்பினார்கள். அறிவுரை சொல்லவோ புகார் சொல்லவோ அல்ல, அந்த வீட்டாருக்கு என்னென்ன தெரியும் என்று கற்றுக்கொண்டு வர. விவசாயம், கட்டுமானம், வண்டி பழுதுபார்ப்பு, எல்லை தாண்டிய வியாபாரம், கைவைத்தியம் என்று ஏராளமான அறிவு அந்த வீடுகளில் இருந்தது. பள்ளிக்கு அது தெரியவே தெரியாது. மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த மிட்டாயை ஒரு மாணவன் அக்கம்பக்கத்தில் விற்கிறான் என்று ஒரு ஆசிரியர் கண்டுகொண்டார். அதிலிருந்தே ஒரு பாடத்தொகுதி உருவானது. பெற்றோர் ஒருவர் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டினார். அன்றைக்கு அவர்தான் ஆசிரியர். அந்த ஆசிரியர்கள் வீடுகளுக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். நீங்களோ ஒரு வீட்டிலேயே இருக்கப் போகிறீர்கள். எத்தனை கவனிக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

மொழி பற்றி உங்கள் இன்னொரு சீனியர் சொன்னதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். வில்லியம் ரிவர்ஸ் என்பவர் ரஷ்யாவில் படித்த அமெரிக்க மாணவர்களைப் பற்றி 1998ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். பேச்சுத் திறனில், குடும்பங்களோடு தங்கியவர்களைவிட விடுதியில் தங்கியவர்கள்தான் முன்னேறும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. வாசிப்பில் மட்டும் வீட்டில் தங்கியவர்களுக்கு நன்மை. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர் மாறு. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வீட்டுக்குள் இருப்பது வேறு, வீட்டாரோடு பேசுவது வேறு. ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு திரையைப் பார்க்கும் வீடுகள் உண்டு. பேச்சுக்கு ஒரு காரணம் வேண்டும். கூடச் சேர்ந்து செய்யும் ஒரு வேலை, குழந்தையோடு ஒரு விளையாட்டு, நாளைக்கு எடுக்கப்போகும் பாடத்தில் ஒரு சந்தேகம், எதுவாகவும் இருக்கலாம். அடுத்த நாள் வகுப்பில் நான் சொல்லப்போகும் ஐந்து வாக்கியம் சரியா என்று கேளுங்கள். எந்த வீட்டிலும் யாராவது ஒருவர் ஆர்வமாக உட்கார்ந்துவிடுவார்.

முதல் வாரங்களின் கஷ்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போகிறவர்களுக்கு ஆரம்பத்தில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு மீட்சி என்று ஒரு வளைகோடு சொல்வார்கள். ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955ல் அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களை வைத்து எழுதியதிலிருந்து வந்தது அது. ஆனால் கோலீன் வார்டும் குழுவினரும் நியூசிலாந்து வந்த ஜப்பானிய மாணவர்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்து 1998ல் வெளியிட்ட ஆய்வில் அந்த வளைகோடு தென்படவில்லை. வந்து இறங்கிய நேரம்தான் அவர்களுக்கு மிகக் கடினமாக இருந்தது. எட்டு வாரம் போகிற உங்களுக்கு இது முக்கியம். முதல் பத்து நாள் மோசமாக இருந்தால் வீடு சரியில்லை என்றோ நீங்கள் சரியில்லை என்றோ முடிவுக்கு வராதீர்கள். களைப்பே பாதிக் காரணமாக இருக்கும். நாள் முழுக்க அந்நிய மொழியைக் கேட்பது உடம்பையே சோர்வாக்கிவிடும்.

அதனால்தான் சிரித்துப் பேச முடியுமா என்ற உங்கள் கேள்வி நல்ல கேள்வி. முடியாது. முடியவும் வேண்டாம். முதல் நாள் மாலையே சொல்லிவிடுங்கள்: "பள்ளியிலிருந்து வந்ததும் எனக்கு ஒரு மணிநேரம் தனியாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். அப்புறம் பாடம் தயாரிக்க வேண்டும்." சொல்லாமல் கதவைச் சாத்தினால் கோபமா, உடம்பு சரியில்லையா என்று அவர்கள் குழம்புவார்கள். சொல்லிவிட்டுச் சாத்தினால் யாருக்கும் வருத்தம் இல்லை. சாவி, குளியல் நேரம், துணி துவைப்பது, இரவு எத்தனை மணிக்குள் திரும்புவது, இணையம், நண்பர்கள் வரலாமா, எல்லாவற்றையும் அன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது. கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஒவ்வொன்றாகத் தவறு செய்து தெரிந்துகொள்வது இரண்டு பக்கத்துக்கும் சங்கடம்.

இப்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் விஷயம். எப்போதாவது ஒரு மாலை, அவர்கள் வெளியே போகும்போது கூட இருப்பது வீட்டில் ஒருவராக இருப்பதன் பகுதி. சந்தோஷமாகச் செய்யுங்கள். தினமும் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை என்றால் அது வேலை. அந்த வேலைக்கென்றே 'ஓ பேர்' என்று தனி ஏற்பாடு இருக்கிறது. ஐரோப்பிய மன்றம் 1969ல் கொண்டுவந்த ஒப்பந்தம், ஓ பேராக வருகிறவரிடம்கூடப் பொதுவாக ஒரு நாளைக்கு ஐந்து மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்கிறது. கைச்செலவுப் பணம் தரவேண்டும் என்றும் சொல்கிறது. நீங்கள் ஓ பேர் அல்ல. உங்கள் சீனியருக்கு நடந்தது அவர் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அடைக்கலம் கொடுத்தவர்களிடம் மறுப்பது சின்ன வயதில் யாருக்கும் கஷ்டம். அதனால் அதை நீங்கள் மறுக்கும் நிலைக்கே விடாமல், திட்ட ஒருங்கிணைப்பாளர் வழியாக முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: வீட்டு வேலையில் என்ன எதிர்பார்க்கிறார்கள்? குடும்பத்துக்குப் பணம் தரப்படுகிறதா, அன்பால் இடம் தருகிறார்களா? பணம் என்றால் கடன்பட்ட உணர்வோடு எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. அன்பு என்றால் அதற்கேற்ற கைமாறு எப்படி என்று யோசிக்கலாம்.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கல் இருக்கிறது, உங்கள் கடிதத்தில் அது இல்லை. பல இடங்களில் தங்கவைக்கும் குடும்பம் அதே பள்ளியைச் சேர்ந்ததாக இருக்கும். வீட்டுக்காரர் அங்கே ஆசிரியராக இருக்கலாம், அவர் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அப்போது சாப்பாட்டு மேசை ஆபத்தான இடம். "இன்றைக்கு வகுப்பில் யார் தொல்லை செய்தார்கள்?" என்று சாதாரணமாகத்தான் கேட்பார்கள். பெயர் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளையைப் பற்றி, அதன் மதிப்பெண்ணைப் பற்றி, அதன் குடும்பத்தைப் பற்றி எதுவும் அந்த மேசைக்கு வரக்கூடாது. சக ஆசிரியர்களைப் பற்றிய உங்கள் கருத்தும்தான். பாடத்தைப் பற்றிப் பேசுங்கள், உங்கள் திணறலைப் பற்றிப் பேசுங்கள், அதற்கு எல்லையே இல்லை. இன்னொன்றில் நான் பிடிவாதமாக இருப்பேன். உங்களுக்கு மதிப்பீடு எழுதும் வழிகாட்டி ஆசிரியரின் வீட்டிலேயே தங்கவைத்தால் வேறு வீடு கேளுங்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. காலையில் மதிப்பெண் போடுகிறவரிடம் மாலையில் நீங்கள் தெரியாதவராக நிம்மதியாக இருக்க முடியாது, அப்படி இருக்க முடியாத வீட்டில் தங்கி என்ன பயன்?

அம்மாவின் பயத்துக்குச் சமாதானம் சொன்னால் போதாது, விவரம் வேண்டும். குடும்பத்தை யார் போய்ப் பார்த்தார்கள், பின்னணி சரிபார்த்தார்களா, முன்பு அங்கே தங்கியவர் யாரிடமாவது பேச முடியுமா, உங்களுக்கு உள்ளிருந்து பூட்டும் தனி அறை உண்டா என்று கேளுங்கள். வீடு ஒத்துவரவில்லை என்றால் மாற்றுவதற்கு என்ன வழி, எத்தனை நாளில் நடக்கும் என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் மழுப்பலாகப் பதில் வந்தால் தனி அறையே எடுங்கள். நான் மேலே சொன்ன எதுவும் உங்கள் பாதுகாப்பைவிடப் பெரிதல்ல. போன பிறகு ஏதாவது உறுத்தினால், நிரூபிக்க முடிகிறவரை காத்திருக்க வேண்டாம். அன்றே ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடுங்கள். வீடு மாறுவது யாரையும் அவமதிப்பதாகாது. இரவில் கூப்பிட்டாலும் எடுக்கக்கூடிய ஒரு எண்ணை அவரிடம் வாங்கி, கிளம்புவதற்கு முன் அம்மா கையில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா