மாட்டின் ஏப்பமும் புல்லின் கரியும்

கேள்வி: பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கம் நான்கு கலப்பினப் பசுக்களை வைத்துப் பால் சங்கத்துக்கு ஊற்றிவருகிறேன். சர்ஜாபுரம் சாலையிலிருந்து காரில் வந்து பால் வாங்கும் ஒருவர், மாட்டின் ஏப்பத்தால்தான் பூமி சூடாகிறது என்கிறார். புல் காற்றிலிருந்து எடுத்த கரிதானே, அதாவது கார்பன்தானே, திரும்பக் காற்றுக்குப் போகிறது? இதில் மாட்டின் குற்றம் என்ன ஐயா?

பதில்: உங்கள் கணக்கில் பாதி மிகச் சரியானது. ராகி வைக்கோலிலும் நேப்பியர் புல்லிலும் உள்ள கரி, சில மாதங்களுக்கு முன்பு கரியமில வாயுவாகக் காற்றில் இருந்ததுதான். அந்த நண்பரின் காரில் எரியும் பெட்ரோலின் கரியோ, கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்துவிட்டு இப்போது புதிதாகக் காற்றில் சேர்வது. இதை அவரிடமும் சொல்லலாம்.

நீங்கள் விட்டுவிட்ட மறுபாதி, அந்தக் கரி எந்த உருவில் திரும்புகிறது என்பதாகும். பசுவின் பெருவயிற்றில், பிராணவாயு இல்லாத சூழலில் நார்ப்பொருள் நொதிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அது தேங்கினால் செரிமானமே மந்தப்படும் என்பதால், அங்கே வாழும் நுண்ணுயிரிகள் அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேன் வாயுவாக மாற்றிவிடுகின்றன; அதுவே ஏப்பமாக வெளியேறுகிறது. ஆகவே இது நோயன்று, அசைபோடும் பிராணியின் இயல்பு. ஆனால் எடைக்கு எடை பார்த்தால், 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. சுமார் 12 ஆண்டுகளில் அது சிதைந்துவிடும் என்பது ஓர் ஆறுதல்.

உங்களுக்கு நேரடியாக உறைக்க வேண்டியது வேறொன்று. தீவனத்தில் உள்ள ஆற்றலில் 100க்கு 2 முதல் 12 பங்குவரை ஏப்பமாகப் போய்விடுகிறது. வெறும் வைக்கோலை நம்பியிருக்கும் மாட்டில் இந்த இழப்பு கூடுதல். பசும்புல்லை நறுக்கிப் போட்டு, அதனுடன் வேலிமசாலோ அகத்தியோ போன்ற பயறுவகைத் தீவனம் சேர்த்து, தாது உப்புக் கலவையும் தவறாமல் கொடுத்தால் லிட்டர் பாலுக்கு வெளியேறும் மீத்தேன் குறையும். அதற்காக அடர்தீவனத்தை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும். பால் வற்றிய மாடும் ஏப்பம் விடத்தான் செய்யும் என்பதால், சினை பிடிக்காமல் நாள் கடத்தும் பசுவை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆடுகோடியில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம், டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைந்த தாவரங்களிலிருந்து 'ஹரித் தாரா' என்னும் தீவனக் கலவையை உருவாக்கியுள்ளது. இது மீத்தேனை 17 முதல் 20 சதவீதம்வரை குறைக்கும் என்பது அவர்கள் கண்டது.

ஏப்பத்தைவிட உங்கள் கைக்கு அடங்கியது சாணம். ஈரமாகக் குவிந்து அடியில் காற்றுப் புகாத எருக்குழியும் மீத்தேனை விடுகிறது. நான்கு மாடுகளின் சாணம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிலோ தேறும்; அது 2 கன மீட்டர் கோபர் கேஸ் கலனுக்குப் போதும். அடுப்பில் எரியும் 1 கிலோ மீத்தேன் 2.75 கிலோ கரியமில வாயுவாக மாறுகிறது. அதுவும் புல் முன்பு எடுத்த கரியே என்பதால், நீங்கள் சொன்ன கணக்கு இங்கேதான் முழுமையாகப் பொருந்தும். ஆனால் கசியும் கலன் அந்த ஆதாயத்தைத் தின்றுவிடும். மாதம் ஒருமுறை குழாய் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியை உரசிச் சோதிக்க வேண்டாம்.