எந்தப் புகைக்கு யாரிடம் மனு?

கேள்வி: வடசென்னையின் எர்ணாவூரில் குடியிருக்கிறோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், சாலைப் புழுதி, குப்பை எரிப்பு, அனல்மின் நிலையப் புகை எல்லாம் சேர்ந்து மூச்சை அடைக்கின்றன. எங்கள் நலச்சங்கம் எதைக் கேட்டு மனு கொடுத்தால் பலன் கிடைக்கும்?

பதில்: காற்று மாசைக் குறைக்க வேண்டும் என்று பொதுப்படையாக எழுதும் மனு பெரும்பாலும் ஒரு தண்ணீர் லாரியோடு முடிந்துபோகும். 2019 ஜனவரியில் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் சென்னையும் அடங்கும் 131 நகரங்களின் முன்னேற்றம் முக்கியமாக பி.எம். 10 என்னும் பருமனான துகள்களைக் கொண்டே அளக்கப்படுவதால், அதன் நிதியில் பாதிக்கு மேல் சாலைப் புழுதிக்கே செலவாகியிருக்கிறது. உடலுக்கு அதிகக் கேடு செய்வதோ எரிதலிலிருந்து பெருமளவில் பிறக்கும் பி.எம். 2.5 நுண்துகள். அதற்கு இந்தியாவின் ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 5. ஆகவே ஒவ்வொரு மூலத்துக்கும் தனித்தனி மனு எழுதுங்கள்.

முதலில் புகைபோக்கி. நிலக்கரி மின்நிலையங்கள் வெளியிடும் கந்தக டை ஆக்சைடு, காற்றில் சல்பேட்டாக மாறி நுண்துகளாகவே நம்மிடம் வந்து சேர்கிறது. இதற்கு 2015 டிசம்பரில் வரம்பு விதிக்கப்பட்டது. கந்தக நீக்கக் கருவி பொருத்துவதற்கான கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டது. இதைப் பின்வாங்கல் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் மின் உற்பத்தி அலகுகளுக்கு இந்த விலக்கு இல்லை. எனவே உங்கள் பகுதியின் ஒவ்வொரு அலகும் இந்த விலக்கைப் பொறுத்தவரை எந்தப் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் முதலில் கேளுங்கள். சாம்பலைப் பிடிக்கும் ஈ.எஸ்.பி. கருவியின் செயல்பாட்டையும், புகைபோக்கியில் தொடர்ந்து பதிவாகும் துகள் அளவையும் சேர்த்துக் கேட்க வேண்டிய இடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆலைகளைப் பொறுத்தவரை, வாரியம் சூரத்தைப் பார்க்கலாம். அங்கே 2019-இல் மொத்தத் துகள் வெளியேற்றத்துக்கு உச்சவரம்பு வைத்து, அனுமதி அளவை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்க விட்டதில் வெளியேற்றம் 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்தது.

லாரிகளின் சங்கதி வேறு. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 (பாரத் ஸ்டேஜ் 6) தர எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10-ஆகக் குறைந்தது உண்மையான சாதனை. ஆனால் துகள் வடிகட்டி இல்லாத பழைய டிரெய்லருக்குப் புதிய டீசல் ஊற்றினால் மட்டும் போதாது. புகைச் சான்றிதழ் சோதனையும் டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறது. துறைமுக வாயிலில் வரிசை ஓர் அடி நகரும், நிற்கும், மீண்டும் ஓர் அடி நகரும். அதுவரை எஞ்சின் அணைவதில்லை. இந்த வரிசையைக் கரைக்க லாரிகளுக்கு நேர ஒதுக்கீடு, வாகன நிறுத்த முனையம், கன்டெய்னர்களில் கூடுதல் பங்கை ரயிலுக்கு மாற்றுதல் ஆகிய மூன்றையும் துறைமுக நிர்வாகத்திடமும் போக்குவரத்துக் காவல் துறையிடமும் கேளுங்கள். பழைய வண்டிகளை விலக்கும் கெடுவைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்க வேண்டும்.

புழுதிக்குத் தண்ணீர் தெளிப்பது காயும்வரைக்கான மருந்து. சாலை நடுத்தடுப்பின் ஓரத்தில் படிந்த மண்ணைக் கூட்டிக் குவித்துவிட்டு அள்ளாமல் போனால், அடுத்த டிரெய்லரின் சக்கரம் அதை மறுபடி கிளப்பிவிடும். மண்ணை அன்றே அகற்றுவதும், தார் போடாத ஓரங்களை மூடுவதும், மண், நிலக்கரி ஏற்றிய வண்டிகளுக்குத் தார்ப்பாய் கட்டாயமாக்குவதுமே கேட்கத் தக்கவை. நெடுஞ்சாலையா, மாநகராட்சிச் சாலையா என்பதைப் பார்த்து உரிய துறைக்கு மனுவை அனுப்புங்கள்.

குப்பை எரிப்பு நான்கில் எளிதானது. திறந்தவெளியில் எரிப்பதற்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்பதற்கு 25,000 ரூபாயும் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இலேயே ஆணையிட்டது. தேதி, நேரத்துடன் படம் எடுத்து மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கொடுங்கள். எரித்தவர் துப்புரவு ஒப்பந்ததாரரின் ஆளாக இருந்தால், அபராதத்தை அந்தத் தொழிலாளியிடம் அல்லாமல் ஒப்பந்ததாரரிடம் வசூலிக்கும்படி மனுவிலேயே எழுதிவிடுங்கள்.